தலைமாட்டுல போன் வேண்டாம், ஒரு கிளாக் ரேடியோ வைங்க

நம்ம சேனல்ல பெரும்பாலும் "இதை வாங்காதீங்க, அதை வாங்காதீங்க"ன்னுதான் சொல்லிட்டு இருக்கேன். இன்னிக்கு ஒரு பொருளை வாங்கச் சொல்லப் போறேன். டிஜிட்டல் கிளாக் ரேடியோ. நேரம் காட்டும், அலாரம் அடிக்கும், எஃப்எம் பாடும். அவ்வளவுதான் அதோட வேலை. சாதாரண மாடல் 1,500 ரூபாயில இருந்து 3,000 ரூபாய்க்குள்ள கிடைக்குது. எந்தக் கம்பெனியும் இதுக்காக எனக்குக் காசு கொடுக்கல. அதனாலதான் எந்த மாடல் பேரும் இதுல வராது.

"போன்லயே அலாரம் இருக்கு, ரேடியோ ஆப்பும் இருக்கு, அப்புறம் எதுக்குத் தண்டச் செலவு?" நியாயமான கேள்வி. போன்ல இன்னும் என்னென்ன இருக்குன்னு பார்த்தா பதில் கிடைச்சிடும்.

ஒரு காலத்துல ராத்திரி ஆனா பணமும் தூங்கப் போயிடும். என்இஎஃப்டி-ல பணம் அனுப்பணும்னா சாயங்காலம் 7 மணியோட கதவு சாத்திடுவாங்க. 2019 டிசம்பர்ல இருந்துதான் அது 24 மணி நேரமும் ஓடுது. அடுத்த வருஷம் டிசம்பர்ல ஆர்டிஜிஎஸ்-உம் அப்படி ஆச்சு. யுபிஐ வந்த நாள்ல இருந்தே ராத்திரி பகல் பார்க்கல. அவசரத்துக்கு இது பெரிய வசதி, மறுக்கவே இல்ல. ஆனா அதே வசதியாலதான் ராத்திரி 11 மணிக்குப் படுத்துக்கிட்டே பிரியாணி ஆர்டர், ஆஃபர்ல சட்டை, கேட்காமலே வந்து நிக்கிற "உங்களுக்கு 50,000 ரூபாய் லோன் தயார்" எல்லாமே நடக்குது. பகல்ல அதே ஆஃபரைப் பார்த்தா பத்துல எட்டு தடவை தள்ளி விட்டுடுவோம்.

நான் மட்டும் சொல்ற கதை இல்ல இது. 2025 பிப்ரவரியில தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தோட விதிகள் வந்துச்சு. பணம் வச்சு ஆடுற விளையாட்டுகள்ல நள்ளிரவு 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் யாரும் உள்ள நுழையக் கூடாதுன்னு அதுல போட்டிருந்தாங்க. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. ஜூன் மாசம் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும்னு சொல்லிடுச்சு. ஆகஸ்ட்ல மத்திய அரசே சட்டம் போட்டு, பணம் வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமா தடை பண்ணிடுச்சு. அது தனிக் கதை. எனக்கு முக்கியமாப் பட்டது அந்த முதல் விதிதான். பகல்ல ஆடுறவனை விட்டுட்டு, ராத்திரி ஆடுறவனைத்தான் அரசாங்கம் முதல்ல கையைப் பிடிச்சு இழுத்திருக்கு. டிஜிட்டல் கடன்லயும் ரிசர்வ் வங்கி ஒரு ஏற்பாடு வச்சிருக்கு. கடன் வாங்கினவர் மனசு மாறினா, குறைஞ்சது ஒரு நாளுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டிட்டு, அபராதம் இல்லாம வெளியே வந்துடலாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தா புத்தி மாறும்னு அவங்களுக்கும் தெரியும்.

இப்போ நம்ம தர்மபுரி பக்கம் வருவோம். இங்க அலாரம் இல்லாம பொழப்பு இல்ல. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்துறவங்க, பால் சொசைட்டிக்குக் கறந்து கொண்டு போறவங்க, ஓசூர்ல முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவங்க, பெங்களூரு ரயிலுக்கு ஓடுறவங்க, எல்லாரும் விடியறதுக்கு முன்னாடி எழுந்தாகணும். அதனால எல்லார் தலைமாட்டுலயும் போன். அலாரம் வைக்கன்னு 10 மணிக்குக் கையில எடுத்த போன், 12 மணி வரைக்கும் கீழ இறங்காது. அலாரம்தான் போனுக்குப் படுக்கையறை டிக்கெட். அந்த டிக்கெட்டைக் கிழிக்கிற செலவுதான் இந்த ரேடியோ.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. யுபிஐ ஆப்ல ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நேரம் இருக்கும். போன மூணு மாசத்துல ராத்திரி 10 மணிக்கு மேல, காலை 6 மணிக்குள்ள போன பணத்தை மட்டும் ஒரு தாள்ல எழுதுங்க. ஆஸ்பத்திரி, பஸ் டிக்கெட், பெட்ரோல் இதெல்லாம் கழிச்சிடுங்க. மிச்சம் மாசத்துக்கு 200 ரூபாய்க்குள்ள இருந்தா, சந்தோஷம், இந்த ரேடியோ உங்களுக்குத் தேவையில்ல. 1,000 ரூபாய் தாண்டினா, அதுல பாதி குறைஞ்சாலே 2,000 ரூபாய் செட் நாலு மாசத்துல காசைத் திருப்பிக் கொடுத்துடும். மியூச்சுவல் ஃபண்டுல இந்த வேகம் கிடைக்காது!

அலாரம் மட்டும்தான் வேணும்னா 300 ரூபாய் டைம்பீஸ் போதுமே, அது சரிதான். பல பேருக்கு அதுவே போதும், அங்கேயே நிறுத்திக்கோங்க. ஆனா டைம்பீஸ் அடிச்சதும் அதை அமுக்கிட்டு, பாட்டு கேட்கவோ நியூஸ் பார்க்கவோ கை நேரா போனுக்குத்தான் போகும். ரேடியோ இருந்தா அந்தக் கை போகாது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் இதுக்குச் சரியா வராதுன்னு சொல்லுவேன். அதுக்கு வைஃபை வேணும், பாட்டுக்குச் சந்தா கேட்கும், பல ஸ்பீக்கர்ல வாயால சொல்லியே பொருள் வாங்கிடலாம். எதைத் தலைமாட்டுல இருந்து வெளியே அனுப்புறோமோ, அதையே வேற உருவத்துல உள்ள கூப்பிடுற மாதிரி.

சரி, வாங்கியாச்சு. இதை ஒழுங்கா செட் பண்ணாம மூணாவது நாளே பரண்ல போட்டவங்க நிறைய. அதனால இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

முதல்ல பின்பக்கத்துல பேட்டரி மூடியைத் திறங்க. சில மாடல்ல 9 வோல்ட் கட்டை பேட்டரி, சில மாடல்ல வட்டமான காயின் பேட்டரி. காயின் பேட்டரி மாடல்னா ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிட்டு இருக்கும், அதை உருவினாத்தான் பேட்டரி வேலை செய்யும். இந்த பேட்டரி ரேடியோ பாடுறதுக்கு இல்ல. கரண்ட் போனா நேரத்தையும் அலாரத்தையும் ஞாபகம் வச்சுக்கிறதுக்கு. இது இல்லாம ராத்திரி ரெண்டு நிமிஷம் கரண்ட் போய் வந்தாப் போதும், காலையில 12:00ன்னு கண் சிமிட்டிட்டு நிக்கும், கம்பெனி பஸ் போயிருக்கும். பேட்டரி இருந்தாலும், கரண்ட் இல்லாதப்போ அலாரம் அடிக்குமா அடிக்காதாங்கறது மாடலுக்கு மாடல் மாறும். அதனால ஒரு ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் தள்ளி அலாரம் வச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாருங்க. அடிக்கலைன்னா, முக்கியமான நாளுக்கு அந்த 300 ரூபாய் டைம்பீஸையும் பக்கத்துல வச்சுக்கோங்க.

நேரம் வைக்கும்போது பெரும்பாலான செட்ல "டைம்" பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மணி, நிமிஷம் பட்டன்களைத் தட்டணும். 12 மணிக் கணக்கு காட்டுற செட்ல ஓரத்துல ஒரு சின்னப் புள்ளி எரியும். அது காலையா மாலையான்னு சொல்ற புள்ளி. அதைப் பார்க்காம வச்சா காலை 4:30 அலாரம் சாயங்காலம் 4:30க்கு அடிக்கும். 24 மணிக் கணக்குக்கு மாத்த முடிஞ்சா முதல் நாளே மாத்திடுங்க, தொல்லை விட்டுச்சு.

அடுத்து ஸ்டேஷன். தர்மபுரி ஆகாசவாணி பண்பலை 102.5. அதை முதல் நம்பர்ல சேமிச்சு வைங்க. எஃப்எம் ஏரியல்ங்கறது பின்னாடி வால் மாதிரி தொங்குற ஒயர்தான். அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வச்சிருப்பாங்க. அப்படியே விட்டுட்டு "இரையுது, கம்பெனி மோசம்"னு சொல்லக் கூடாது. முழுசா நீட்டி ஜன்னல் பக்கம் விடுங்க. எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போறது, மலை குறுக்கே நின்னா மறைச்சிடும். வத்தல்மலைக்குப் பின்பக்கம், சித்தேரி மாதிரி இடத்துல இருக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடி பழைய ரேடியோ எதையாவது இரவல் வாங்கி வீட்டுக்குள்ள வச்சுப் பார்த்துடுங்க.

மீடியம் வேவ் இருக்கிற செட்னா அதுக்கு ஏரியல் பெட்டிக்குள்ளயே ஒரு கம்பி சுத்தின குச்சியா இருக்கும். ஒயரை இழுத்துப் பிரயோஜனம் இல்ல, பெட்டியையே மெதுவாத் திருப்பணும். ஒரு திசையில சத்தம் தெளிஞ்சு வரும். பக்கத்துல மொபைல் சார்ஜரோ மட்டமான எல்இடி பல்போ இருந்தா கொர்ருன்னு இரைச்சல் போடும், ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்த்தாத் திருடன் மாட்டுவான்.

இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். அலாரத்தை ரேடியோவுல வைக்கலாம், பஸ்ஸர்லயும் வைக்கலாம். ரேடியோ அலாரம் நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த நேரத்துல ஸ்டேஷன் ஓடணுமே! ராத்திரி ஒலிபரப்பை முடிச்சுட்டு விடியும்போது ஆரம்பிக்கிற நிலையங்கள் உண்டு. 4 மணிக்கு எழணும்னா பஸ்ஸர்தான். 6 மணிக்கு மேல எழறவங்க ரேடியோவுல வச்சுக்கலாம். ரெண்டு அலாரம் இருக்கிற செட்னா முதலாவது பஸ்ஸர், ரெண்டாவது ரேடியோ, இது நல்ல ஜோடி. மலிவான செட்ல ராத்திரி பாட்டுக்குக் குறைச்ச சத்தம்தான் காலை ரேடியோ அலாரத்துக்கும், அதையும் படுக்கும்போது கவனிங்க. "ஸ்லீப்" பட்டன் அமுக்கினா பாடிட்டே இருந்து தானா அணைஞ்சிடும். யூடியூப் மாதிரி அடுத்தது, அடுத்ததுன்னு இழுத்துட்டுப் போகாது.

அமெரிக்காவுல இருந்தோ சவூதியில இருந்தோ சொந்தக்காரங்க பழைய செட் கொடுத்தா இலவசம்னு குதிக்காதீங்க. அங்கெல்லாம் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. கரண்டோட துடிப்பை எண்ணி நேரம் சொல்ற பழைய வகைக் கடிகாரம் அதுல இருந்தா, இங்க மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்! அமெரிக்க செட்டுக்கு வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் இது தீராது, ஏன்னா அது துடிப்பை மாத்தாது. அமெரிக்க செட்ல மீடியம் வேவும் 10 கிலோஹெர்ட்ஸ் தாவித் தாவிப் போகும், நம்ம ஊர்க் கணக்கு 9. சென்னை 720 சரியா உட்காரும், பெங்களூரு 612-உம் திருச்சி 936-உம் நடுவுல நழுவிடும். துபாய், கத்தார், குவைத்ல நம்மளை மாதிரியே 50 ஹெர்ட்ஸ்தான், அந்தப் பிரச்சினை இல்ல.

கரண்ட் பில்? 2 வாட் எடுத்துக்கிற செட்னா ரெண்டு மாசம் இடைவிடாம ஓடினாலும் 3 யூனிட் கிட்ட. ரெண்டு மாசத்துக்கு இலவசமா வர்ற 100 யூனிட்டுக்குள்ள அடங்கினவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. மத்தவங்களுக்கும் ரெண்டு டீ காசு.

கடைசியா, போன் எங்க போகணும்? கூடத்துல, சார்ஜர் பக்கத்துல. "ராத்திரி ஊர்ல இருந்து அவசரமா போன் வந்தா?"ன்னு வயசான அப்பா அம்மா இருக்கிறவங்க கேட்பீங்க, கேட்கணும். ரிங்டோன் சத்தத்தை முழுசா வச்சு, கதவைத் திறந்து வைங்க. மணி அடிச்சா எழுந்து போய் எடுப்போம், முன்னாடி லேண்ட்லைன் அப்படித்தானே இருந்துச்சு? வீட்டம்மா போனும் பசங்க போனும் சேர்ந்து அங்க போகணும். நீங்க மட்டும் வச்சுட்டு வந்து, பக்கத்துல ஒருத்தர் ஸ்க்ரோல் பண்ணிட்டு இருந்தா ரெண்டு நாள் கூடத் தாங்காது.

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இருக்கிறவங்க, உங்க வீட்டுக்குள்ள எந்தெந்த ஸ்டேஷன் தெளிவா வருது, காலையில எத்தனை மணிக்கு ஆரம்பிக்குதுன்னு கீழ எழுதுங்க. அடுத்த வீடியோவுல ஊர் வாரியா ஒரு பட்டியலாப் போட்டுடறேன்.