கண்மாய் ஆமையும் விஜயாவும்

கேள்வி: கண்மாயில் வண்டல் எடுக்கும்போது சேற்றுக்குள் ஆமைகள் கிடைத்தன. விற்கலாம் என்கிறார்கள் சிலர். ஆகாது, அடித்துப் போடு என்கிறார்கள் சிலர். என்ன செய்வது?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். அடிப்பக்கத்தில் பின்கால்களை மூடும் மடல்கள் இருந்தால் அது பாலாமை. தண்ணீர் வற்றினால் சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். நத்தை, பூச்சி, செத்த மீன் எல்லாம் தின்னும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வண்டல் அள்ளாத ஈரமான ஓரத்தில் விட்டுவிடுங்கள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ஆமை இருக்கும் இடத்துக்குத் தானே குடிபோன ஒரு பெண் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஜெ.விஜயா. விலங்கியல் மாணவியாக இருந்தபோதே கிண்டி பாம்புப் பண்ணையில் உதவிக்குச் சேர்ந்தவர். பிறகு அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் மோலுடன் நன்னீர் ஆமைகளைத் தேடி நாடெங்கும் அலைந்தார். பிரம்பு ஆமை என்றொரு காட்டு ஆமை. 1912இல் பதிவானபின் சுமார் 70 ஆண்டுகள் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. 1982இல் கேரளக் காட்டில், காடர் பழங்குடியினர் துணையோடு விஜயா அதைக் கண்டார். காட்டுக் குகையில் தங்கி ஆராய்ந்தார். 1987இல், முப்பது வயதாகும் முன்பே இறந்துபோனார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு ‘விஜயகெலிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். வேளாண்மை படித்த எனக்கு இதெல்லாம் வெகுநாள் தெரியாது.

காடர்களுக்கு அந்த ஆமை தெரிந்தே இருந்தது. போய்க் கேட்கத்தான் ஆளில்லை. உங்கள் கண்மாயில் எத்தனை ஆமை, எந்த மாதம், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.