எந்த வெள்ளெலி?

'வெள்ளெலி' என்ற சொல்லைக் கேட்டதும் கல்லூரி மாணவர் மனத்தில் தோன்றுவது ஆய்வுக்கூடக் கூண்டில் வாழும் சிவந்த கண் எலி. மானாவாரி நிலத்தில் உழைப்பவருக்கு அச்சொல் வேறொரு விலங்கைக் குறிக்கும். அதன் முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை, நீண்ட வாலின் நுனியில் கருமயிர்க் குஞ்சம். உயிரியலார் அதற்கு இட்ட பெயர் தட்டேரா இண்டிகா. முன்னது பழுப்பெலியிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்த வெண்ணிற வகை; அவ்வகையில் புகழ்பெற்ற விஸ்டார் மரபு 1906இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. பின்னது இந்த வறண்ட மண்ணுக்கே உரியது. இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் கலந்துபோவதை அகராதிச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. பேத்தமங்களாவைச் சுற்றியுள்ள நிலப்பகுதியில் அது மக்கள் நலனைத் தொடும் சிக்கல்.

பாலாற்றின் மேல் அமைந்த பேத்தமங்களா ஏரி தங்கவயல் சுரங்கங்களுக்குத் தண்ணீர் தந்த ஏரி. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் செம்மண் வயல்கள் இருக்கின்றன, அவற்றின் வளைகளில் எலிகளும் இருக்கின்றன. அதே கோலார் மாவட்டத்தின் முல்பாகல் பகுதியில்தான் 1966இல் ஒரு மனிதருக்குப் பிளேக் நோய் ஆய்வுக்கூடச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் 1994 வரை இந்தியாவில் அத்தகைய பதிவு இல்லை. ஆயினும் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் இவ்வெல்லைப் பகுதி பிளேக் கண்காணிப்பிலிருந்து விடுபடவில்லை. நோய் மனிதரிடம் மறைந்தாலும் வளைகளில் நிலைத்திருக்கக்கூடும் என்பதே காரணம்.

அந்த நிலைத்திருத்தலில் எலியினங்களின் உடலியல் வேறுபாடு முதன்மையானது. வயல்வெளி வெள்ளெலி பிளேக் கிருமியை ஓரளவு தாங்கும் திறனுடையது. ஆகவே நோய் அதன் கூட்டத்தை முற்றாக அழிக்காமல் வளைக்குள் சுற்றிக்கொண்டிருக்க இடமுண்டு. வீட்டுக் கூரையில் வாழும் கறுப்பெலிக்கு நோய் தொற்றினால் அது பெருமளவில் மடியும். மடிந்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் வேறு குருதியைத் தேடிப் புறப்படும். கிருமி பெருகி உணவுக்குழாயின் வழி அடைபட்ட தெள்ளு, பசி தீராமல் திரும்பத் திரும்பக் கடிக்கும். இதனை 1914இல் பேக்கட்டும் மார்ட்டினும் விளக்கினர். எனவே "எலி செத்துக் கிடக்கிறது" என்று ஊரார் ஒருவர் சொன்னால், எந்த எலி என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். கரம்பில் கிடந்த வெள்ளெலி ஒரு செய்தி. அடுக்களையில் விழுந்த வீட்டெலி அவசரச் செய்தி.

பிரித்தறியாமல் போனால் என்ன நேரும் என்பதற்குச் சென்னை சான்று. பம்பாயைச் சூறையாடிய பிளேக் சென்னையில் பெரிதாக வேர்பிடிக்காதது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. இரு நகரங்களிலும் எலிகள் இருந்தன, தெள்ளுகளும் இருந்தன. கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் தெள்ளுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்த பின்னரே விளக்கத்தின் பெரும்பகுதி கிடைத்தது. சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்தது நோயை எளிதில் பரப்பாத அஸ்டியா; பம்பாயின் கேடு கியாபிஸ் என்ற இனத்தால் வந்தது. 'எலித்தெள்ளு' என்ற ஒரே பெயர் இரண்டையும் மூடி மறைத்திருந்தது.

எலிகளைப் பொறுத்தவரை, பிரித்தறியும் அறிவு தென்னிந்திய மொழிகளில் முன்னரே உண்டு. தமிழ் வீட்டெலி, சுண்டெலி, வெள்ளெலி, பெருச்சாளி என்று வகுக்கிறது. பேத்தமங்களாவில் அருகருகே வழங்கும் மற்ற இரு மொழிகளும் அப்படியே: பெருச்சாளி கன்னடத்தில் ஹெக்கணம், தெலுங்கில் பந்திகொக்கு. தெலுங்குச் சொல்லின் பொருள் 'பன்றி எலி'. அதுவே ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆயிற்று. பின்னர் பாண்டிகோட்டா என்று பேரினப் பெயராகவும் அமர்ந்தது. வால்டர் எலியட் தென்னிந்தியாவில் திரட்டிய எலிகளுக்கு 1837இல் கிரே சூட்டிய கொக், மெல்டாடா, பூடுகா முதலிய பெயர்களும் உள்ளூர்ப் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டவை. எலியட் 1839இல் வெளியிட்ட பட்டியலில், எலி பிடித்து உண்ட ஒட்டர் சமூகத்தாரின் சொற்கள் இடம்பெற்றன. எலியின் அறிவியற் பெயருக்குப் பின்னால் எலியட் இருக்கிறார், கிரே இருக்கிறார். வளையைத் தோண்டி, விலங்கைக் கையில் கொடுத்து, பெயரையும் சொன்னவர் யார் என்பது அதில் இல்லை.

இந்தக் குறை பழங்காலத்தோடு முடிந்துவிட்டதா என்பதே ஆய்வுலகம் எதிர்கொள்ள வேண்டிய வினா. களப்பணியில் வளையைக் காட்டுபவரும் பொறி வைப்பவரும் பெரும்பாலும் நன்றியுரையின் கடைசி வரியில், பெயரின்றி, 'உள்ளூர் மக்கள்' ஆகிவிடுகின்றனர். வாயிலில் குவிந்த புதுமண்ணைக் கொண்டு உள்ளே குடியிருப்பு உண்டா என்று கணிப்பதும், கதிர் பதுக்கிய அறை எத்திசையில் இருக்கும் என்று அறிவதும் விலங்கு நடத்தையியல் அறிவே. அதற்குக் கூலியும் மதிப்பும் தர இயலும் என்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978இல் அமைந்தது. இருளர் வல்லுநர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்புக்குக் கிடைத்த இந்த மதிப்பு எலியறிவுக்கு இன்னும் வரவில்லை.

நாட்டுப் பெயர்களை அப்படியே அறிவியல் வகைப்பாடாகக் கொள்ள வேண்டும் என்பதன்று இதன் பொருள். மூஞ்சூற்றை மக்கள் எலியோடு சேர்ப்பர்; அது கொறிக்கும் விலங்கே அன்று, பூச்சியுண்ணி. ஒரு பெயர் அடுத்த ஊரில் வேறு விலங்கின் மேல் நிற்கலாம். அதனாலேயே பெயரைத் தனியாகவும் மாதிரியைத் தனியாகவும் சேகரிப்பது பயனற்றது. பிடிபட்ட ஒவ்வொரு விலங்கின் குறிப்பேட்டிலும் இடம், பருவம், எடை ஆகியவற்றோடு, அதனைக் கண்டவர் தம் மொழியில் என்ன சொன்னார் என்பதும் பதிவாக வேண்டும். அவர் இசைந்தால் அவர் பெயரும் அங்கே நிற்க வேண்டும். விலங்கியல் துறையும் மொழியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாத பல்கலைக்கழகங்களில், இதற்குப் புதுக்கருவி எதுவும் தேவையில்லை. சேர்ந்து களத்துக்குச் செல்ல இரண்டு மாணவர்கள் போதும்.

சுரங்க வேலை தேடி வந்த தமிழும் மண்ணின் கன்னடமும் தெலுங்கும் கலந்து வாழும் தங்கவயல் வட்டாரம் அத்தகைய ஆய்வுக்கு ஏற்ற இடம். ஆனால் வளையைப் பார்த்தே எலியைச் சொல்லும் முதியோர் குறைந்துவருகின்றனர். நகரத்துச் செய்தித்தாளின் 'வெள்ளெலி' மட்டுமே எஞ்சும் நாளில், வயலில் செத்துக் கிடப்பது எது என்று சுகாதாரப் பணியாளர் கேட்டால், 'எலி' என்ற ஒரு சொல்தான் பதிலாகக் கிடைக்கும்.