ஒரு மூட்டை யூரியாவுக்கு 4 டன் எரு! இயற்கை அரிசி விலை இறங்காதது ஏன்?

சென்னை:

"என்ன அண்ணாச்சி, இது அரிசியா, தங்கமா?"

மாப்பிள்ளைச் சம்பா பாக்கெட்டைக் கையில் எடுப்பவர்கள் விலையைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி இது. கேட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் பொன்னியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள்.

கடைக்காரர் கொள்ளை அடிக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். சங்கதி வயலில் இருக்கிறது.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மீதிச் செலவை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. அந்த மூட்டையில் உள்ள தழைச்சத்து சுமார் 20 கிலோ. அதே சத்து தொழு உரத்தில் வேண்டும் என்றால், ஏறத்தாழ 4 டன் எரு அடிக்க வேண்டும்!

மாட்டை விற்று டிராக்டர் வாங்கிய ஊரில் 4 டன் எருவுக்கு எங்கே போவது? தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். அதற்கும் தண்ணீர் வேண்டும், நாளும் வேண்டும்.

எரு போட்ட மண்ணில் ஈரம் நிற்கும், மண்புழு வரும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சத்து மெல்லத்தான் இறங்கும்.

160 நாள்!

மாப்பிள்ளைச் சம்பா அறுவடைக்கு வர சுமார் 160 நாள். ஆடுதுறை 43 ரகமோ 110 நாளில் வந்துவிடும். குறுவை, தாளடி என்று இரண்டு போகம் எடுக்கும் டெல்டா விவசாயிக்கு நீண்ட நாள் ரகம் சரிப்படாது. ஆளுயரப் பயிர், காற்று மழையில் சாயவும் செய்யும்.

இதைவிடப் பெரிய சிக்கல், மாறுகிற காலம்தான். நெல்லுக்கு 2 ஆண்டு ரசாயனம் தொடாமல் இருந்தால்தான் 'இயற்கை' சான்று. அந்த இரண்டு வருஷமும் மகசூல் குறையும். விற்பதோ சாதாரண நெல் விலைக்கு! கடன் வாங்கிய சிறு விவசாயி எப்படித் தாங்குவார்?

இலங்கையில் 2021-ல் ரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை போட்டார்கள். நெல் விளைச்சல் சரிந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியே கை நீட்டியது. அதே ஆண்டு நவம்பரில் தடை வாபஸ்!

இங்கே தடை இல்லை, உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி திட்டத்தில், விவசாயி கைக்கு வருவது 3 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 15 ஆயிரம் ரூபாய். ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு 2 ஆயிரம் சொச்சம்.

நடவுக் கூலிக்கே இது காணாது.