கல் சொன்னதும் நாம் சொல்வதும்

கல்வெட்டுகளைப் படியெடுத்து வாசித்து வெளியிடும் அரும்பணியில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள் நமக்கு அனுப்பும் கட்டுரைகள் பெருகி வருவது மிகுந்த சந்தோஷத்தை அளிக்கிறது. ஆயினும் அவற்றுட் பலவற்றில், கல்லிலே கண்டது எது, கட்டுரையாசிரியர் ஊகித்தது எது என்று பிரித்தறிய வழியின்றி இரண்டும் கலந்து கிடப்பதைக் காணுந்தோறும், அதுபற்றிச் சில கூறாதிருப்பது நம் கடமையில் தவறுவதாகும் என்று தோன்றுகிறது.

ஒரு சாசனத்தைப் பற்றிய கட்டுரைக்கு உயிராயிருப்பது அதன் மூலபாடம். நிலதானம் பற்றியது, விளக்குக்கு ஆடு விட்டது என்று சாரத்தை மட்டும் எழுதிவிட்டு, வாசகத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஆசிரியர், படிப்பவர் தம்மை நம்புவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லாமற் செய்துவிடுகிறார். வாசகத்தை வரி எண்ணிட்டு, கல்லில் உள்ளபடியே தருதல் வேண்டும். பழைய லிபியில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கு வேற்றுமை காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றை நாம் பொருள் நோக்கி நிரப்பி வாசிக்கிறோம் என்பதனாலேயே, சிதைந்த எழுத்துக்குப் புள்ளிக்கோடும், ஐயத்துக்குரிய எழுத்துக்குப் பகர அடைப்பும் இடுகிற பழைய மரபு ஏற்பட்டது. கல்தச்சன் பிழைபடப் பொறித்திருந்தால் அதனையும் அப்படியே அச்சிட்டு, திருத்தத்தை அடிக்குறிப்பில் தருவதே முறை. சொல்லாமற் செய்த திருத்தம் பின்வரும் ஆராய்ச்சியாளரை எந்தக் காட்டுக்கும் இட்டுச் செல்லக்கூடும்.

கால நிர்ணயத்தில் நேரும் அவசரம் இதனினும் கொடிது. 'கோப்பரகேசரி' என்ற பட்டமும் ஓர் ஆட்சியாண்டும் மட்டுமே காணப்படும் துண்டுக் கல்லை உடனே முதற் பராந்தகனுக்கு உரியதாக்கிவிடுகிறோம். விஜயாலயனும், அரிஞ்சயனும், இரண்டாம் ஆதித்தனும், உத்தம சோழனும் அப்பட்டத்தையே தாங்கியவர்கள் அல்லரோ? 'மதிரை கொண்ட' என்ற அடைமொழி இருப்பின் பராந்தகன் எனத் துணியலாம். அஃது இல்லாதவிடத்து எழுத்தமைதி, உடன் குறிக்கப்படும் அதிகாரிகள், கோயிலின் கட்டட அமைப்பு ஆகிய பிரமாணங்களை வரிசையாக வைத்து, அவற்றால் கிட்டும் முடிவு எத்துணை உறுதியானது என்பதையும் கூறவேண்டும். 'பத்தாம் நூற்றாண்டினதாகலாம்' என்று எழுதுவதில் யாருக்கும் இழுக்கு இல்லை.

உத்தரமேரூர்ச் சாசனங்களுக்கு நேர்ந்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், ஒரு பிரமதேயத்தின் மகாசபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்க வகுத்த வியவஸ்தைகள் அவை. 30 குடும்புகளிலும் ஓலை எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். பெயர் எழுதப்பெறுவோனுக்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேதப் பயிற்சியும் இருக்கவேண்டும். முதற் சாசனத்தில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு அடுத்ததில் 35 முதல் 70 வரை என மாறுகிறது. இரண்டே ஆண்டுகளுக்குள் ஒரு சபை தன் விதியைத் தானே திருத்திக்கொண்டது என்னும் இந்த அரிய செய்தியை விட்டுவிட்டு, சோழநாட்டு ஊர்கள் யாவற்றிலும் குடிமக்கள் யாவரும் வாக்களித்தார்கள் என்று எழுதுவோர், கல் சொல்லாததைச் சொல்வதோடு, அது சொன்ன சிறப்பையும் மறைத்துவிடுகிறார்கள்.

நல்ல கட்டுரைக்கு ஓர் உதாரணம் கூறவேண்டுமானால், 1924-இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் படித்த கட்டுரையையே கூறுவோம். பாண்டிநாட்டுக் குகைகளின் பிராமி எழுத்துகள் எம்மொழியைச் சார்ந்தவை என்று அறிஞர்கள் மயங்கியிருந்த காலத்தில், ழகர, ளகர, றகர, னகரங்களுக்குரிய தனி வடிவங்களை இனங்கண்டு, அவற்றின் மொழி தமிழே என்று அவர் காட்டினார். அவருடைய வாசகங்கள் பலவற்றை ஐராவதம் மகாதேவன் பின்னாளில் திருத்தினார். எனினும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. தம் முடிவுக்குத் தாம் வந்த வழியை எழுத்தெழுத்தாகக் காட்டி வைத்தமையால் அன்றோ பின்வந்தவர் அவரைத் திருத்தவும் அவரைக் கடந்து செல்லவும் இயன்றது!

திருப்பணி என்னும் பெயரால் மணல் வீசிச் சுவர்களைத் துலக்கியதில் எழுத்து மழுங்கிப்போன கோயில்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அத்தகைய இடங்களில் நாம் அச்சிட்ட பாடமே இனி மூலம். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி எழுப்பியபோது, பழைய கற்களில் இருந்தவற்றைப் புதிய சுவரில் வெட்டுவித்ததோடு, அவை பழங்கற்படி என்பதையும் ஆங்காங்கே பொறித்துவைத்தார்கள். அந்த நேர்மையை நம்மவரிடமும் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே இனி அனுப்புவோர், மைப்படியின் நிழற்படம் ஒன்றையும் உடன் அனுப்புக. 'கோயிற் சுவரில்' என்று எழுதாமல், கருவறையின் வடபுறத்துக் குமுதத்திலா, அர்த்தமண்டபத்தின் தென்சுவரிலா என்று குறிப்பிடுக. தாமே படித்ததா, முன்பே அச்சானதா என்பதும், கல்லை முதலில் காட்டிய ஊரார் யார் என்பதும் தெரியவேண்டும். மூலபாடம் சரியாக அமைந்த இரண்டு பக்கக் கட்டுரைக்கு, அஃது இல்லாத இருபது பக்கக் கட்டுரைக்கு முன்பாகவே இடமளிப்போம்.