சிக் ரூம் சாவி யாரிடம்?

கல்லூரியில் சேரும் நாளில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு உடல்தகுதிச் சான்றிதழையும் பல கல்லூரிகள் கேட்கின்றன. அதை வாங்கும் விதம் ஊரறிந்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். பல நேரம் எடை மெஷினில் ஏறாமலே எடை எழுதப்படும். கல்லூரி அலுவலகம் அதைக் கோப்பில் செருகி வைக்கும். பிறகு அந்தத் தாளை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

சான்று கேட்பதில் தவறில்லை. கேட்டுவிட்டால் அந்த உடம்புக்குக் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும்.

முதல் வகை சர்க்கரை நோயுள்ள ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். விடுதியில் இருக்கும் ஒரே பிரிட்ஜ் மெஸ்ஸில், பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே. எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று அவள் மருந்தைத் தன் பெட்டியிலேயே ஒளித்து வைக்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும்போது மெஸ் பூட்டியிருக்கும். அறைத்தோழிக்கு என்ன செய்வதென்று தெரியாது. வார்டன் வந்து, வீட்டுக்குப் போன் போட்டு, அவுட்பாஸ் எழுதி, வண்டி பிடிப்பதற்குள் போகும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. சட்டென்று ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தாலே அவள் தேறியிருப்பாள். வலிப்பு நோயுள்ள மாணவர்களின் கதையும் இதுதான். சொன்னால் விடுதியில் இடம் தரமாட்டார்களோ என்ற பயத்தில் சான்றிதழில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி வாங்கி வருகிறார்கள். உண்மையைச் சொல்ல விடாத சான்றிதழால் யாருக்குப் பயன்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த அளவு கதியற்ற நிலை இல்லை. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்து கண், பல், இதயம், ரத்தசோகை என்று பார்க்கிறது. அந்தத் திட்டம் 18 வயதோடு நின்றுவிடுகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை, வாழ்க்கையிலேயே முதன்முறையாக அம்மாவின் கண்பார்வையைவிட்டு விலகும் அதே வயதில், அரசின் கண்பார்வையிலிருந்தும் நழுவுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வகுப்பில் மயங்கி விழும் பெண்ணிடம் “காலையில சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பதோடு கல்லூரி தன் கடமை முடிந்ததாக நினைக்கக் கூடாது.

மனநலத்துக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வகுத்தது. இதைச் சில கல்லூரிகள் நிறைவேற்றும் முறை நமக்குக் கவலை தருகிறது. ஏற்கெனவே பாடம் நடத்தும் ஒரு பேராசிரியரின் பெயரை ஆலோசகர் என்று பலகையில் எழுதிவிடுகிறார்கள். இன்டர்னல் மார்க் போடுபவரிடம் எந்த மாணவர் மனம் திறப்பார்? சொன்னது மறுநாள் துறைத் தலைவர் காதுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். 2017 மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. மனம் தளரும் நேரத்தில் 14416 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண் ஒவ்வொரு விடுதித் தளத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விடுதியில் ஒரு செவிலியரை வைக்கப் பணத்துக்கு எங்கே போவது என்று நிர்வாகங்கள் கேட்கும். மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு செவிலியரை வைத்தால் ஆண்டுக்கு 3 லட்சம். ஆயிரம் பேர் தங்கும் விடுதியில் தலைக்கு ஆண்டுக்கு 300 ரூபாய். மெஸ் கட்டணத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக் காசு.

அரசு இவற்றைச் செய்ய வேண்டும். பள்ளியோடு நிற்கும் மருத்துவப் பரிசோதனையைக் கல்லூரி முதலாண்டுக்கும் நீட்டிக்க வேண்டும். கிளினிக்கில் வாங்கும் தாளுக்குப் பதிலாக, சேர்ந்த முதல் மாதத்திலேயே வளாகத்தில் அது நடக்கட்டும். அதில் தெரியவரும் எந்த நோயும் சேர்க்கையையோ விடுதி இடத்தையோ பறிக்காது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் இரவு நேரச் செவிலியர் வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தோடு ஏற்பாடு வேண்டும். அவசர நேரத்தில் 108-ஐ அழைக்க அவுட்பாஸும் பெற்றோர் அனுமதியும் தேவையில்லை என்ற தெளிவான விதி வேண்டும். பல்கலைக்கழகங்கள் இவற்றை இணைப்பு அங்கீகாரத்துக்கான நிபந்தனைகளாக்க வேண்டும்.

அங்கீகார ஆய்வுக்குப் போகும் குழுக்கள் நூலகத்தில் புத்தகத்தையும் ஆய்வகத்தில் கணினியையும் எண்ணுகின்றன. அடுத்த முறை விடுதிக்கும் போகட்டும், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், முன்கூட்டிச் சொல்லாமல். உடல்நலமில்லாத மாணவர்களுக்கென உள்ள சிக் ரூமைத் திறக்கச் சொல்லிவிட்டு, சாவி வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை அறிக்கையில் எழுதட்டும்.