நட்டவர்கள் மக்கள், ஏலம் போட்டவர் மேயர்!

“ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கூடையும் கொண்டு வாருங்கள். நகரை அழகுபடுத்துவோம், மரம் நடுவோம்” என்ற அழைப்பு இன்று ஊருக்கு ஊர் கேட்கிறது. பேட்டைகளில் இளைஞர்கள் குப்பை அள்ளுகிறார்கள். சுவர்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள். ஓடைக் கரைகளில் கன்று நடுகிறார்கள். ஒரு காசு கூலி இல்லை. ஆறு நாள் மில்லில் நின்று கால் வீங்கியவன்கூட ஏழாம் நாள் தன் தெருவுக்காகக் குனிந்து மண் வெட்டுகிறான்.

நல்ல காரியம். இதைக் கேலி செய்பவர்களோடு நாம் சேர மாட்டோம். நிழலும் பூவும் நல்ல காற்றும் பங்களாக்காரர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்துக்கள் அல்ல. லைன் வீட்டுக் குழந்தைக்கும் விளையாட ஒரு மர நிழல் வேண்டும். சேரிக் கிழவிக்கும் சாயங்காலம் உட்கார ஒரு திண்ணை வேண்டும்.

ஆனால், மண்வெட்டியைத் தூக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்த மண் யாருடையது? இன்று குப்பைமேடாகக் கிடக்கும் இந்த இடம் நாளை பூத்துக் குலுங்கும்போது இது யார் கையில் இருக்கும்?

இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வாங்காதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, உலக முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஏழைகள் நட்ட தோட்டங்களின் கதை ஐம்பது ஆண்டுக் கதை. உழைப்பாளி மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

எரிந்த மனைகளில் முளைத்த தோட்டங்கள்

1970களில் நியூயார்க்கின் ஏழைப் பேட்டைகள் எரிந்தன. தெற்கு பிராங்க்ஸிலும், மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியிலும், புரூக்ளினிலும் வீட்டுச் சொந்தக்காரர்கள் லாபம் வராத கட்டிடங்களைக் கைவிட்டு ஓடினார்கள். சிலர் இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தாங்களே தீ வைக்க ஏற்பாடு செய்தார்கள். வரி கட்டாத மனைகள் ஆயிரக்கணக்கில் நகரசபையின் கைக்கு வந்தன. 1975இல் நகரசபையே திவாலாகும் நிலைக்கு வந்தது. உடனே கத்தி யார் மேல் விழுந்தது? துப்புரவுத் தொழிலாளர்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான நகரசபை ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். இடிந்த செங்கல்லும் செத்த எலியும் உடைந்த காருமாக மனைகள் நாறின.

அந்தப் பேட்டைகளில் குடியிருந்தவர்கள் யார்? கறுப்பு மக்கள், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்கள். கரும்புத் தோட்டத்துக் கூலிகளாக இருந்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து, நியூயார்க்கின் தையல் ஆலைகளில் ஊசி பிடித்த ஜனங்கள் அவர்களில் அநேகர். நகரசபை கைவிட்ட இடத்தில் அவர்கள் கை வைத்தார்கள். செங்கல்லைப் பொறுக்கினார்கள். மண் சுமந்து வந்து கொட்டினார்கள். தக்காளி போட்டார்கள், மிளகாய் போட்டார்கள், சோளம் போட்டார்கள். தங்கள் தீவின் பாணியில் சின்ன மர வீடு கட்டி, மாலை வேளையில் அங்கே கூடிப் பாடினார்கள்.

1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் பவரி வீதியும் ஹூஸ்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் ஒரு குப்பை மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். “பச்சைக் கொரில்லாக்கள்” என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். வேலி போட்ட காலி மனைகளுக்குள் விதை உருண்டைகளை வீசினார்கள். 1974இல் நகரசபை அந்த மூலையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. 1978இல் நகரசபையே ஒரு திட்டம் தொடங்கி, இப்படிப்பட்ட மனைகளுக்கு வருஷம் ஒரு டாலர் குத்தகைச் சீட்டு கொடுத்தது. நூற்றுக்கணக்கான தோட்டங்கள் எழுந்தன.

ஒரு டாலர்! எவ்வளவு தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சீட்டில் ஒரு முள் இருந்தது. நகரசபை விரும்பினால் குறுகிய கால நோட்டீஸில் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இது நமக்குத் தெரியாத சங்கதியா? 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வருவதற்கு முன், மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளியின் நிலை என்ன? வாசலில் முருங்கை வைத்தவன் அவன். தண்ணீர் ஊற்றியவள் அவன் மனைவி. “போ வெளியே” என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் முருங்கை யாருக்கு? நியூயார்க்கின் ஒரு டாலர் சீட்டும் அந்த ஜாதிதான்.

“கம்யூனிஸம் முடிந்துவிட்டது”

இருபது ஆண்டுகள் கழிந்தன. பேட்டைகள் பார்க்கத் தகுந்தவை ஆயின. மரம் வளர்ந்தது, பயம் குறைந்தது, கடைகள் திறந்தன. ஓடிப்போன பணம் மெல்லத் திரும்பி வந்தது. “அட, இங்கே நல்ல மனைகள் இருக்கின்றனவே!” என்றது.

1997 டிசம்பரில் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஒரு தோட்டம் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டது. அதன் பெயர் சிக்கோ மெண்டிஸ் தோட்டம். பிரேசில் நாட்டின் ரப்பர் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர். ரப்பர் தொழிலாளர்களின் பிழைப்பான காட்டைக் காக்கப் போராடி, 1988இல் சுட்டுக்கொல்லப்பட்டவர். அந்தத் தியாகியின் பெயர் தாங்கிய தோட்டத்தின் கதி இது.

1999 ஜனவரியில், நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை வருகிற மே மாதம் ஏலம் விடப்போவதாக மேயர் ரூடால்ஃப் ஜூலியானியின் நிர்வாகம் அறிவித்தது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மேயர் சொன்ன பதில் என்ன தெரியுமா? இது சுதந்திரச் சந்தைப் பொருளாதாரம், கம்யூனிஸத்துக்குப் பிந்திய யுகத்துக்கு வாருங்கள் என்று ஏளனம் செய்தார். தக்காளிச் செடி நட்ட கிழவியிடம் பேசிய பேச்சு இது!

ஒரு விதத்தில் மேயருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூடி மறைக்காமல் பேசினார். ஏழைகள் கூடி உழைத்து, கூடி அனுபவிக்கும் ஒரு துண்டு நிலம்கூட அவருடைய வர்க்கத்தின் கண்ணை உறுத்துகிறது என்பதை அவரே வெட்டவெளிச்சமாக்கினார்.

வீடில்லாத ஏழைகளுக்கு வீடு கட்டத்தான் நிலம் வேண்டும் என்றும் நகரசபை வாதாடியது. வீடு வேண்டியதுதான், அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் தோட்டமாகாத காலி மனைகள் நகரசபையிடம் ஆயிரக்கணக்கில் இருந்தனவே! அந்த ஏலத்தில் வாங்குகிறவன் ஏழைக்குத்தான் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததா? இல்லை. அதிக விலை கேட்பவனுக்கு நிலம்; அவ்வளவுதான். வீடில்லாத ஏழையையும் தோட்டம் போட்ட ஏழையையும் மோதவிட்டு, நடுவில் மனை வியாபாரி நிலத்தை அள்ளிப் போகும் தந்திரம் அது.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்வலம் போனார்கள். மறியல் செய்து கைதானார்கள். ஏற்கெனவே 1998இல் நடந்த ஓர் ஏல மண்டபத்தில் ஆயிரக்கணக்கான சுவர்க்கோழிப் பூச்சிகளை அவிழ்த்துவிட்டு ஏலக்காரர்களை ஓட வைத்திருந்தார்கள். சூரியகாந்திப் பூ வேஷம் போட்ட ஒருவர் நகரசபை வளாகத்து மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். 1999 மே மாதம், ஏலத்துக்கு முன்தினம், இரண்டு தர்ம ஸ்தாபனங்கள் ஏறத்தாழ 42 லட்சம் டாலர் கொடுத்து அந்தத் தோட்டங்களை வாங்கின. அவற்றில் ஒன்றை நிறுவியவர் பாடகியும் நடிகையுமான பெட் மிட்லர்.

தோட்டங்கள் பிழைத்தன, மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். குப்பையை அள்ளியவர்கள் ஜனங்கள். மண் சுமந்தவர்கள் ஜனங்கள். கூலி வாங்காமல் இருபது வருஷம் உழைத்தவர்கள் ஜனங்கள். அந்த உழைப்பு உண்டாக்கிய மதிப்பை 42 லட்சம் டாலராக வாங்கிக்கொண்டது நகரசபை! இதை மீட்புப் பணம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கீழ்க்கிழக்குப் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1970களில் உண்டாக்கிய எஸ்பெரான்ஸா தோட்டம் (“நம்பிக்கை” என்று அதற்குப் பொருள்) 2000 பிப்ரவரி 15ஆம் தேதி இடிக்கப்பட்டது. தங்கள் தீவுத் தவளையின் உருவத்தைப் பெரிதாகச் செய்து வாசலில் நிறுத்தி, குளிரில் இரவும் பகலும் காவல் இருந்தவர்களைப் போலீசார் இழுத்துச் சென்றார்கள். அதே நாளில்தான் மாநில அட்டர்னி ஜெனரல் தொடுத்த வழக்கில் கோர்ட்டு தடை உத்தரவு போட்டது. உத்தரவு வந்தது, தோட்டம் இல்லை.

அந்த வழக்கும் போராட்டமும் வீண் போகவில்லை. 2002இல் புதிய மேயர் காலத்தில் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் சுமார் 400 தோட்டங்கள் காப்பாற்றப்பட்டன. இன்று நியூயார்க்கில் 550க்கு மேற்பட்ட தோட்டங்கள் நகரசபைத் திட்டத்தின் ஆதரவில் இருக்கின்றன. தர்மப் பணம் ஒரு நாள் ஏலத்தை நிறுத்தியது. நூற்றுக்கணக்கான தோட்டங்களை நிலைக்க வைத்தது, ஒன்றுபட்ட ஜனங்களின் நிர்ப்பந்தமும் எழுத்தில் வாங்கிய உரிமையும்தான்.

இது நியூயார்க்கோடு நின்றதா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெற்குப் பகுதியில் 14 ஏக்கர் நிலத்தில் 1994 முதல் சுமார் 350 குடும்பங்கள் பயிர் செய்தன. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த உழவர் குடும்பங்கள். நகரசபை 2003இல் அந்த நிலத்தை முந்தைய சொந்தக்காரருக்கே சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றது. 2006 ஜூன் மாதம் போலீஸ் வந்தது, புல்டோசர் வந்தது, விளைந்த பயிர் நசுங்கியது. அதற்குப் பிறகு அந்த நிலம் பல வருஷம் சும்மாவே கிடந்தது. பயிர் செய்பவனைத் துரத்திவிட்டுத் தரிசு போடும் நிலப்பிரபுவைத் தஞ்சைத் தரணிக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அழகு ஏறினால் வாடகை ஏறும்

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஏலம் போடாமலே துரத்தும் கண்ணி அது. தோட்டங்களைச் சுற்றியுள்ள மனைகளின் விலை ஏறுகிறது என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். மிக ஏழ்மையான பேட்டைகளில்தான் இந்த ஏற்றம் அதிகம். ஐந்தே வருஷத்தில் 9 சதவீதத்துக்கு மேல். விலை ஏறினால் லாபம் யாருக்கு? வீட்டுச் சொந்தக்காரனுக்கு. வாடகை ஏறினால் பாரம் யாருக்கு? செடி நட்ட குடித்தனக்காரனுக்கு. தன் தெருவைத் தானே அழகாக்கி, அந்த அழகாலேயே தெருவை விட்டு வெளியேறுகிறான் ஏழை!

சென்னையில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2000த்திலிருந்து ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடியிருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. வெள்ள அபாயம், நதிச் சீரமைப்பு என்று காரணம் சொன்னார்கள். கரை அழகாகட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் கரையில் இருந்தவன் வேலைக்குப் போகப் பல மைல் பஸ்ஸில் தொங்க வேண்டியதாயிற்றே! 2020இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். ஓவியம் அழகுதான். ஆனால் வர்ணம் வேலை தராது; பஸ் செலவைக் குறைக்காது.

என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று நாம் சொல்லவில்லை. மரம் நடுங்கள். ஓடையைத் தூர் வாருங்கள். தெருவைத் தோட்டமாக்குங்கள். அதோடு நான்கு விஷயங்களில் விழிப்பாக இருங்கள்.

முதலாவது, எழுத்து. புறம்போக்கானாலும் நகராட்சி மனையானாலும், இது பொது இடம், விற்க மாட்டோம், ஏலம் விட மாட்டோம் என்ற தீர்மானத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை மழையில் கரையும்.

இரண்டாவது, வேலை. தொண்டர் உழைப்பு துப்புரவுத் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கக் கூடாது. நியூயார்க்கில் 1990களில், சர்க்கார் உதவித்தொகை வாங்கும் ஏழைகளையே பூங்காக்களைக் கூட்டிப் பெருக்க வைத்தார்கள். சங்கக் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை அது. நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள், முழுக் கூலி. தொண்டு அதற்கு மேலே இருக்கட்டும். அதற்குப் பதிலாக வேண்டாம்.

மூன்றாவது, குடியிருப்பு. பூங்காவுக்காக ஒரு குடிசை அகற்றப்படுமானால், அதே பக்கத்தில் வீடும் பட்டாவும் கொடுத்த பிறகே அகற்ற வேண்டும்.

நான்காவது, தீர்மானம். எங்கே மரம், எங்கே விளையாட்டுத் திடல், எங்கே குழாய் என்பதை அங்கே குடியிருக்கும் ஜனங்கள் கூடித் தீர்மானிக்கட்டும். பெண்கள் பேசட்டும். போட்டோ பிடித்துக்கொண்டு போகிறவர்கள் தீர்மானிக்க வேண்டாம்.

உழுதவனுக்கு நிலம் என்ற நியாயம் வயலோடு முடிந்துவிடவில்லை. குப்பைமேட்டைத் தோட்டமாக்கியவனுக்கும் அதே நியாயம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கையில் மண்வெட்டியை எடுங்கள். மறு கையில் மனுவை எடுங்கள்!