பாரதி பாட்டும் அரக்குத் தட்டும்

பாரதியார் பாடல்கள் 1949இல் அரசுடைமையாயின. அதற்கு முன் அவருடைய பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியார் சொத்தாகக் கைமாறிக்கொண்டிருந்தது. 1930களில் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகர் அதை விலைக்கு வாங்கினார். பின்னர் அது ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தது. 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததால் வழக்கு மூண்டது. பாரதியை மக்களுக்கே விட வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. செட்டியார் பணம் பெறாமல் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

எழுத்து இப்படி நம் கைக்கு வந்தது. அந்த எழுத்து முதன்முதலில் எந்தக் குரலில், எந்த மெட்டில் ஊருக்குள் ஒலித்தது என்பதற்குச் சாட்சியான அரக்குத் தட்டுகளை மட்டும் நாம் கேட்டு வாங்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. இந்த இதழ் அதைக் கேட்க விரும்புகிறது.

பாரதி 1921இல் மறைந்தார். அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. பாடிப் பாடியே எழுதியவர் அவர். பல பாடல்களுக்கு ராகமும் தாளமும் குறித்தே அச்சுக்குக் கொடுத்தார். 1917இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட 'கண்ணன் பாட்டு' தொகுப்பில் உள்ள 'கண்ணம்மா என் குழந்தை' பாடலுக்கு அவர் குறித்தது பைரவி ராகம். இன்று தமிழ்நாட்டில் அந்தப் பாட்டைத் தெரிந்தவர் அத்தனை பேரும் பாடுவது ராகமாலிகை. 1951இல் வந்த 'மணமகள்' படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்த மெட்டு அது. அழகான மெட்டு, அதில் நமக்குக் குறை இல்லை. 1917க்கும் 1951க்கும் நடுவில் பாரதி பாட்டுகளைத் தமிழர்கள் எப்படியெல்லாம் பாடினார்கள்? எந்த ராகம் நிலைத்தது, எது உதிர்ந்தது? புத்தகம் இதைச் சொல்லாது. அந்தக் காலத்துத் தட்டுகள்தான் சொல்லும்.

அந்தக் காலத்துக் குரல்களில் முதன்மையான ஒன்று நம் மாவட்டத்துக் குரல். தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள் 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். குடும்பப் பெண்கள் மேடையேறிப் பாடுவதே தவறு என்றிருந்த 1930களில் தட்டுக்கும் மேடைக்கும் பாடினார். பாரதி பாட்டைக் கச்சேரியில் ஒரு மரியாதைக்குரிய உருப்படியாக உட்கார வைத்தவர்களில் அவர் முன்வரிசை. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் அவர் பாட, குமாரி கமலா ஆடிய பாரதி பாடல்கள் விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பே ஊரெல்லாம் விடுதலையைக் கொண்டாட வைத்தன.

அதே காஞ்சிபுரத்தில் வாழ்ந்த நயினாப் பிள்ளையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. லயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோது வியந்து கேட்ட வித்துவான். 1934இல் மறைந்த அவருடைய பாட்டு ஒரு தட்டில்கூடப் பதிவாகவில்லை. அவர் பெருமையைப் பிறர் சொல்லித்தான் நாம் அறிகிறோம். பதிவாகாமல் போனதற்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. பதிவான பிறகும் தொலைப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபாஸ்டர் என்றொரு பாட்டெழுத்தாளர் இருந்தார். பாரதியைப் போலவே நாற்பதைத் தொடாமல், வறுமையில், 1864இல் இறந்தார். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வந்ததே 1877இல். ஆனாலும் ஜோசையா லில்லி என்ற மருந்துத் தொழிலதிபர் 1930களில் ஃபாஸ்டர் தொடர்பான முதல் அச்சுப் படிகள், கடிதங்கள், இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தார். 1937இல் அத்தனையையும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஃபாஸ்டர் பாட்டைப் பற்றி ஆராய விரும்பும் மாணவருக்குப் போக ஓரிடம் இருக்கிறது. பாரதி பாட்டின் பழைய பதிவுகளைக் கேட்க விரும்பும் செய்யாறு மாணவிக்கோ மதுராந்தகம் மாணவனுக்கோ நாம் எந்த இடத்தைக் காட்டுவோம்?

பாட்டுதான் இருக்கிறதே, ஒரு நல்ல பதிவு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம்மூர் உத்திரமேரூர்க் கல்வெட்டையே பார்க்கட்டும். பராந்தக சோழன் காலத்தில், 919இல், சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் விதி எழுதப்பட்டது. இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி இன்னொன்று எழுதினார்கள். இரண்டும் சுவரில் நிற்பதால்தான் உத்திரமேரூர்ச் சபை தன் விதியைத் தானே சோதித்துத் திருத்திக்கொண்டது என்று தெரிகிறது. பின்னதை மட்டும் வைத்திருந்தால் விதி தெரிந்திருக்கும், அவர்கள் யோசித்தது தெரிந்திருக்காது. பாட்டுக்கும் இதே கணக்குதான். ஒரு பாட்டுக்கு நாலு பதிவு இருந்தால் நாலும் வேண்டும்.

தட்டுகள் எங்கே இருக்கின்றன? சென்னையின் பெரிய வீடுகளில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ரேடியோ செட் கட்டியவர்கள் மானாம்பதி, சாலவாக்கம் வரைக்கும் இவற்றைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கேசட் வந்ததும் பெட்டியோடு பரண் ஏறின. மிச்சம் பழைய இரும்புக்காரரிடம் போனது. இன்னும் பரணில் இருப்பவற்றைக் காப்பாற்ற அவகாசம் இருக்கிறது.

வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள். தட்டு கிடைத்தால் பழைய கிராமபோனில் போட்டுப் பார்க்காதீர்கள். கனமான எஃகு ஊசி பள்ளத்தைத் தேய்த்துவிடும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். லேபிளில் உள்ள கம்பெனி பெயர், எண், பாடியவர் பெயர், ராகம், லேபிளை ஒட்டித் தட்டிலேயே பொறித்திருக்கும் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். உடைந்த தட்டானாலும் எழுதுங்கள். வந்த பட்டியலை அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம். தட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டுகள்தான். 'நாம் இருவர்' காலத்துத் தட்டுகள் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டன. இசையமைத்தவரின் உரிமை எங்கேனும் மிஞ்சியிருந்தால் அதைத் தனியே பார்த்துக்கொள்ளலாம். நூல்களை இணையத்தில் ஏற்றும் தமிழ் இணையக் கல்விக்கழகம் பாரதி பாட்டுத் தட்டுகளையும் பதிவு விவரங்களோடு ஏற்ற வேண்டும். முதல் பட்டியல் பட்டம்மாள் பிறந்த மாவட்டத்திலிருந்து தொடங்கட்டும். 1949இல் பாதியோடு நின்ற வேலையை முடிக்க வேண்டிய பொறுப்பு நம் தலைமுறைக்கு உண்டு.